ஏதேனும் ஒரு பட்டம்

2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு பியூன் வேலை வழக்கைத் தீர்த்துவைத்தது. ஒடிசாவில் பியூன் வேலைக்கு ஆள் எடுத்த பஞ்சாப் நேஷனல் வங்கி இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தது. பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும்; பட்டதாரியாக இருக்கக் கூடாது. ஒருவர் பிளஸ் டூவை மட்டும் எழுதி விண்ணப்பித்தார், தேர்வும் ஆனார். அவர் ஏற்கெனவே டிகிரி முடித்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. வங்கி வேலை தர மறுத்தது. ஒடிசா உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றமோ, என்ன தகுதி வேண்டும் என்பதை வேலை கொடுப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும், விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தவர் வேலையை உரிமையாகக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது.

போலிப் பட்டம் காட்டி வேலையில் சேர்ந்து பிடிபட்டவர்களின் செய்தி அடிக்கடி வரும். உண்மையான பட்டத்தை ஒளித்துவைத்துப் பிடிபட்டவர் அபூர்வம். சட்டப்படி வங்கியின் செயலில் குற்றம் காண்பது கடினம். பட்டதாரிகள் கீழிறங்கி வந்தால் பிளஸ் டூவோடு நின்றவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டால் பதில் சொல்லவும் முடியாது. ஆனால் பட்டதாரி ஏன் கீழிறங்கி வந்தார்? பட்டம் பெற்றவரே அதை மறைக்க வேண்டிய இடத்துக்கு எப்படி வந்தோம்?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். பட்டம் இருந்தால் வேலை கிடைக்கும் என்ற உறுதி குறைந்துகொண்டே வருகிறது. பட்டம் இல்லாவிட்டால் விழும் அடியோ கூடிக்கொண்டே வருகிறது. முதலாவதிலிருந்துதான் இரண்டாவது பிறக்கிறது. எல்லாரிடமும் ஒன்று இருக்கும்போது அது யாரையும் உயர்த்தாது. இல்லாதவரை மட்டும் தனியாகக் காட்டிக்கொடுக்கும்.

இதைப் பார்க்கத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இல்லை. ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுக்குட்பட்டோரில் கல்லூரிச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் 47 சதவீதம். ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதிக்கும் மாநிலத்தில் பட்டம் என்ன செய்கிறது, என்ன செய்யாமல் விடுகிறது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

பட்டம் யாரிடம் இருந்தது?

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் பிறந்தது. பாடம் நடத்துவதைவிடத் தேர்வு நடத்துவதுதான் அதன் முதல் வேலை. கம்பெனி ஆட்சி முடிந்து மகாராணியின் ஆட்சி வந்த காலம். கச்சேரிக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். பி.ஏ., பி.எல். என்று வீட்டு வாசலில் பலகை தொங்கவிடும் வழக்கம் அப்போது வந்தது. பி.ஏ. தேறாதவர்கள்கூட ‘பி.ஏ. பெயில்’ என்று போட்டுக்கொண்டார்கள் என்று கிண்டலாகச் சொல்வதுண்டு. கிண்டலுக்குள் ஒரு உண்மை இருக்கிறது. அந்தக் காலத்தில் கல்லூரிக்குள் நுழைந்து தோற்றுத் திரும்பியதே ஒரு தகுதிதான்.

அந்த வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 1912-இல் சென்னை மாகாணத்தின் மாவட்ட முன்சீப்புகளில் 72 சதவீதத்துக்கு மேல் பிராமணர்கள். மக்கள்தொகையில் அவர்கள் 3 சதவீதம் சொச்சம். 1914-இல் பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்துகொண்டிருந்த 650 பட்டதாரிகளில் 452 பேர் பிராமணர்கள். 1916 டிசம்பரில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்ததற்குப் பின்னால் இருந்தது இப்படிப்பட்ட கணக்குத்தான். 1921-இல் நீதிக் கட்சி அரசு போட்ட வகுப்புவாரி ஆணையும், 1927 முதல் அது உண்மையிலேயே நடைமுறைக்கு வந்ததும், 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் அந்த ஏற்பாடு விழுந்ததும், அதே ஆண்டு அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டதும் பலர் அறிந்த வரலாறு. பட்டத்தைப் பற்றிய வரலாறாக இதைப் படிப்பவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் சமூக நீதி அரசியலின் முதல் சண்டை நிலத்துக்காக நடக்கவில்லை. கல்லூரி இடத்துக்காகவும் அந்த இடம் திறந்துவிடும் உத்தியோகத்துக்காகவும் நடந்தது. “பட்டம் வெறும் காகிதம்” என்று இன்று சுலபமாகச் சொல்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அந்தக் காகிதத்துக்காக ஒரு நூற்றாண்டு அரசியல் நடந்திருக்கிறது.

பட்டம் வாக்குரிமையாகவும் இருந்தது. அரசியல் சட்டத்தின் 171-ஆவது பிரிவுப்படி, மேலவை உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டம் பெற்று மூன்றாண்டு ஆனவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டப்பேரவைத் தேர்தலில் வயலில் வேலை செய்பவருக்கும் வழக்கறிஞருக்கும் ஆளுக்கொரு ஓட்டு. வழக்கறிஞருக்கு மட்டும் மேலவைக்கு இன்னொன்று. 1986-இல் மேலவை ஒழிக்கப்பட்டதோடு தமிழ்நாட்டில் அந்தக் கூடுதல் ஓட்டு போயிற்று. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் இன்னும் இருக்கிறது.

பட்டம் வேண்டும் என்ற விதிக்கு விலக்குகளும் உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கோட்டை விட்ட ராமானுஜன், 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக்கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, பட்டமே இல்லாத அவருக்கு விதியை விலக்கி மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். இதைப் பல்கலைக்கழகத்தின் பெருந்தன்மையாகச் சொல்வார்கள். பெருந்தன்மைதான். ஆனால் விலக்கு வாங்க ஒருவர் ராமானுஜனாக இருக்க வேண்டியிருந்தது என்பதையும், அவர் திறமையைப் பாராட்டிக் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த கடிதம் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பட்டம் இல்லாமல் வென்றவர்கள் என்று மேடைப் பேச்சாளர்கள் அடுக்கும் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் பின்னால் அப்படி ஒரு கடிதமோ, ஒரு சொத்தோ, ஒரு சிபாரிசோ இருந்ததா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

இன்னொரு வேடிக்கை. பட்டத்தைப் பரவலாக்கியவர்கள் பட்டம் இல்லாதவர்கள். ஊர்தோறும் பள்ளி திறந்த காமராஜர் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்த எம்.ஜி.ஆரும் முடிக்கவில்லை. நுழைவுத்தேர்வை ஒழித்து, முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை தந்த கலைஞர் பள்ளி இறுதித் தேர்வில் தேறவில்லை. முதலமைச்சர் நாற்காலிக்குத் தமிழர்கள் என்றும் டிகிரி கேட்டதில்லை. பல்கலைக்கழகங்கள்தான் பொறுக்கமாட்டாமல் பின்னவர் இருவருக்கும் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்துக் கணக்கை நேர்செய்துகொண்டன.

பி.இ. என்ற மந்திரம்

பட்டத்தின் கதையில் தமிழ்நாட்டுக்கே உரிய அத்தியாயம் பொறியியல். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிக் கல்லூரியும், அதற்குப் பின் வந்த சில அரசு, அரசு உதவிக் கல்லூரிகளும்தான் 1984 வரை. பிறகு நெடுஞ்சாலை ஓரங்களில் கல்லூரிகள் முளைத்தன. உச்ச காலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் ஐந்நூறுக்கு மேல் பொறியியல் கல்லூரிகள் இருந்தன. 1997-இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. இடம் வாங்கக் கல்லூரி கல்லூரியாக அலையும் நிலை குறைந்தது. 2007 முதல் நுழைவுத்தேர்வு போயிற்று. பயிற்சி மையத்துக்குப் போக வசதியில்லாத கிராமத்துப் பிள்ளை பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கலந்தாய்வுக்கு வந்தது. 2010-இல் முதல் பட்டதாரிச் சலுகை வந்தது.

அந்தச் சலுகைக்கு வருவாய்த் துறை தரும் ‘முதல் பட்டதாரி சான்றிதழ்’ என்னைப் பொறுத்தவரை இந்த மாநிலத்தின் மிக முக்கியமான ஆவணங்களில் ஒன்று. பாட்டன், பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாரும் பட்டம் பெற்றதில்லை என்று அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுக்கிறது. வேறு இடங்களில் மறைக்கப்படும் ஒரு பின்னணி இங்கே உரிமையாகிறது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் வாங்கிவிட்டால் தங்கைக்கு இல்லை.

ஏன் எல்லாரும் பொறியியலுக்கே ஓடினார்கள்? ஐ.டி. என்பது பாதிப் பதில். இன்னொரு பாதி அமெரிக்க விசா விதியில் இருக்கிறது. எச்-1பி விசாவுக்கு அமெரிக்க இளநிலைப் பட்டமோ அதற்குச் சமமானதோ வேண்டும். அமெரிக்கப் பட்டம் நான்காண்டு. நம் பி.எஸ்சி. மூன்றாண்டு. நான்காண்டு பி.இ. அந்தக் கணக்கில் சிக்கலில்லாமல் உட்கார்ந்தது. பி.எஸ்சி. முடித்தவர்கள் மூன்றாண்டு எம்.சி.ஏ. சேர்ந்து கணக்கைச் சரிசெய்தார்கள். தொண்ணூறுகளிலும் அதற்குப் பிந்தைய பத்தாண்டிலும் எம்.சி.ஏ. அவ்வளவு பேசப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விழுப்புரத்துப் பையன் இயற்பியல் படிப்பதா, மின்னணுவியல் படிப்பதா என்ற முடிவில் வாஷிங்டனில் எழுதப்பட்ட விதிக்கும் பங்கு இருந்தது.

கூட்டம் பெருகியதும் வடிகட்டல் தொடங்கியது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, கல்லூரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் கூடாது, படிப்பில் இடைவெளி கூடாது. வளாகத் தேர்வுக்கு வந்த பெரிய ஐ.டி. நிறுவனங்களின் இந்த நிபந்தனையை இன்று முப்பதுகளில் இருக்கும் எந்தப் பொறியாளரும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பத்தாம் வகுப்பில் 58 சதவீதம் வாங்கியவர் கல்லூரியில் 80 வாங்கினாலும் வாசலுக்கு வெளியேதான். பதினைந்து வயதில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதோ, வீட்டில் விளக்கு இல்லாமல் இருந்ததோ இருபத்தோரு வயதில் வந்து வேலையைத் தட்டிப் பறிக்கும். வடிகட்டுபவரைக் கேட்டால் சொல்வது: “சார், பத்தாயிரம் பேர் அப்ளை பண்றாங்க. எல்லாரையும் உட்கார வச்சுப் பேச முடியுமா?” முடியாதுதான். வேலைக்குத் தேவையான திறமைக்கும் இந்த வடிகட்டலுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தந்தது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கல்வி ஒருவரின் திறனைக் கூட்டாவிட்டாலும், திறனுள்ளவருக்குப் படிப்பை முடிப்பது எளிது என்பதால் பட்டம் திறனுக்கு அடையாளமாக வேலை செய்யும் என்பது அவர் வாதம். கணக்கு அழகாக இருக்கிறது. நம் ஊரில் படிப்பை முடிப்பதன் கடினத்தைத் தீர்மானிப்பது மாணவரின் திறன் மட்டுமா? காணியை விற்று ஃபீஸ் கட்டியவரும், மாதம் பிறந்தால் அப்பாவின் கணக்கிலிருந்து கட்டியவரும் ஒரே பட்டம் வாங்குகிறார்கள். நடுவில் நின்றுபோனவர் திறமையில்லாதவர் என்று சந்தை படித்துக்கொள்கிறது. அடையாளம் காட்டுவது பல நேரம் ஆளை அல்ல, வீட்டை.

இன்றைய நிலை என்ன? பெரிய ஐ.டி. நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியாளருக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற சம்பளம் பதினைந்து ஆண்டுகளாகப் பெரிதாக நகரவில்லை. விலைவாசி எங்கோ போய்விட்டது. தொழிற்பேட்டையிலோ, பி.இ. மெக்கானிக்கலைவிட டிப்ளமோக்காரர் மேல் என்று சூப்பர்வைசர்களே சொல்வார்கள். மெஷினில் கை வைக்கத் தயங்கமாட்டார், ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போகமாட்டார். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து மின்னணு ஆலைகளின் வரிசையில் நிற்கும் பெண்களிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் பிளஸ் டூ அல்லது டிப்ளமோ. இந்தியாவின் ஆலைத் தொழிலாளர்களான பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். உற்பத்தி பெருகும் இடத்தில் பட்டம் தேவைப்படவில்லை. பட்டம் பெருகிய இடத்தில் வேலை அந்த வேகத்தில் பெருகவில்லை.

கல்யாணச் சந்தை

வேலைச் சந்தை பட்டத்தை மலிவாக்கினாலும் கல்யாணச் சந்தை விலையைக் குறைக்கவில்லை. அழைப்பிதழில் மணமகன் பெயருக்குக் கீழே பி.இ., எம்.பி.ஏ. என்று அச்சாகும் பழக்கம் ஃபிளெக்ஸ் பேனர் வரை வந்துவிட்டது. பெண் பி.இ. என்றால் பையன் பி.இ.யாவது இருக்க வேண்டும். சொந்தமாக லேத் பட்டறை வைத்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பவரைப் பற்றி, “மாப்பிள்ளை ஐ.டி.ஐ.தானாமே?” என்று இழுப்பார்கள். மாதம் பதினைந்தாயிரத்துக்குச் சென்னையில் உழலும் பட்டதாரியைப் பற்றி, “பையன் இன்ஜினியர், சென்னையில இருக்கான்” என்று நிறுத்திக்கொள்வார்கள். விவசாயம் பார்க்கும் பையன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை என்ற புலம்பலைக் கொங்குப் பக்கம் போனால் எந்தத் தேநீர்க் கடையிலும் கேட்கலாம்.

அரசாங்கமே இந்தச் சந்தைக்கு ஒரு விலைப்பட்டியல் போட்டது. 1989-இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், ஏழைப் பெண்களைப் பள்ளியில் தங்கவைக்க நல்ல எண்ணத்தோடு வந்தது. 2011-க்குப் பிறகு அதன் கணக்கு இப்படி ஆயிற்று: பத்தாம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டமோ பட்டயமோ பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாய், கூடவே தாலிக்குத் தங்கம். பட்டத்துக்கு ஊக்கம் கொடுத்தது உண்மை. ஆனால் பட்டத்தின் பயன் மணமேடையில் வந்து கையில் கிடைத்தது. 2022-இல் இந்தத் திட்டம் ‘புதுமைப் பெண்’ ஆக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் படிக்கும் காலத்தில் மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. தாலிக்கு வந்த பணம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் போகத் தொடங்கியது. அண்மைக் காலக் கல்வித் திட்டங்களில் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

பெண்ணின் பட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு, அதை எந்தக் கணக்கெடுப்பும் அளப்பதில்லை. கல்லூரிக்குப் போகும் மூன்றாண்டு, கல்யாணம் தள்ளிப்போகும் மூன்றாண்டு. “படிப்பை முடிக்கட்டும்” என்று ஒரு பெண்ணால், அல்லது அவள் அம்மாவால், மாமன்மாரிடம் சொல்ல முடிகிறது. வேலைக்கே போகாவிட்டாலும் அந்தப் பட்டம் வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

காத்திருப்போர்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியின் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு புள்ளிவிவரம் பலரை உலுக்கியது. 2022-இல், இளைஞர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரிகளிடையே 29.1 சதவீதம். படித்தால் வேலை போகும் என்று இதைப் படிப்பது தவறு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வேலையில்லாமல் இருக்க வசதி இல்லை. கிடைத்ததைச் செய்தால்தான் அன்றைய சோறு. பட்டதாரி வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் தாங்குவார்கள். பட்டம் சம்பளத்தைத் தருவதற்கு முன் காத்திருக்கும் உரிமையைத் தருகிறது. கூடவே காத்திருக்கும் கட்டாயத்தையும். டிகிரி முடித்தவன் கொத்து வேலைக்குப் போனால் ஊர் என்ன சொல்லும்?

அந்தக் காத்திருப்பைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்போர் பகுதிக்குப் போகலாம். அங்கே பலர் தயாராகும் அரசுப் பணித் தேர்வான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குக் கேட்கும் தகுதி பத்தாம் வகுப்பு. 2022-இல் முதலில் அறிவித்த 7,301 இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். அதில் பட்டதாரிகளும் முதுநிலைப் பட்டதாரிகளும் எவ்வளவு கலந்திருக்கிறார்கள் என்பது தேர்வுக்கூட வாசலில் நின்றாலே தெரியும். 2018-இல் சட்டப்பேரவைச் செயலகத்துக்கு 14 துப்புரவுப் பணியிடங்கள் அறிவித்தபோது 4,607 பேர் விண்ணப்பித்தார்கள்; பொறியாளர்களும் எம்.பி.ஏ.க்களும் அதில் இருந்தார்கள். பத்திரிகைகள் இதை அவலமாக எழுதின. எனக்கு அவலமாகப் பட்டது வேறு: துப்புரவுப் பணியைத் தலைமுறையாகச் செய்தும் நிரந்தரம் ஆகாதவர்கள், அந்த வேலை நிரந்தரமாகும்போது பட்டதாரிகளோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

இந்தத் தேர்வுகளை நம்பி இளமையை வீணாக்குகிறார்கள் என்று திட்டுவது சுலபம். அவர்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதைப் பாருங்கள். குரூப் 4 எழுதுபவரிடம் எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. நேர்காணல் இல்லை. ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வேண்டியதில்லை. இடஒதுக்கீடு உண்டு, தமிழ்வழியில் படித்திருந்தால் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 சதவீத முன்னுரிமையும் உண்டு. தனியார் வாசலில் இது எதுவும் இல்லை. சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான கல்வித் தகுதியோடு வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. பட்டம் ஒன்றுதான். அதன்மேல் எழுதியிருந்த பெயர் வேறு.

அரசு வேலையிலும் பட்டம் தன் குறும்பைக் காட்டாமல் இல்லை. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-இல் ஓர் அரசாணை வந்தது. வயல் வேலைக்கு நடுவே படித்து முன்னேற நினைத்தவர்களுக்கு அது பெரிய அடி. பாடப்பெயர்த் தகராறு தனி. தாவரவியலும், ‘தாவர உயிரியல் மற்றும் தாவர உயிரித்தொழில்நுட்பவியல்’ என்ற பட்டமும் சமம் என்று ஒரு குழு கூடி ஆணை பிறப்பிக்க வேண்டும். அந்த ஆணை வருவதற்குள் சிலருக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

வேறு வழி தேடியவர்கள்

பட்டத்தைச் சுற்றிப் போகும் பாதைகள் நம்மிடம் புதிதில்லை. பள்ளியைப் பாதியில் விட்ட ஜி.டி. நாயுடு 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக உழைத்தார். நான்காண்டுப் படிப்பு மாணவனின் காலத்தை வீணடிக்கிறது, இரண்டாண்டு போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒப்பவில்லை, அவர் விலகிக்கொண்டார். கல்லூரி இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நான்காண்டு பி.இ. தந்துகொண்டிருக்கிறது.

நம் காலத்தில் ஸோஹோ நிறுவனம் இருபது ஆண்டுகளாகத் தன் பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சியளித்து வேலைக்கு எடுக்கிறது. செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. பட்டம் தேவையில்லை என்று வாதிடும் அதன் நிறுவனர் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் படித்து முனைவர் பட்டம் பெற்றவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் அவர் வாதம் பொய்யாகிவிடாது, ஆனால் அந்த வாதத்தைச் சொல்லும் துணிவு எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். எச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ திட்டம் பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்துக்கொள்கிறது. வேலை செய்துகொண்டே பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டமும் படிக்க ஏற்பாடு செய்கிறது. பட்டமில்லாமல் ஆளெடுக்கும் திட்டத்திலும் பட்டத்தைச் சேர்த்துக் கட்டினால்தான் பெற்றோர் சம்மதிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தவறு பெற்றோருடையது இல்லை. அந்த நிறுவனத்தை விட்டு வெளியே வரும் நாளில் பிள்ளையின் கையில் என்ன இருக்கும் என்பதுதான் அவர்கள் கேள்வி.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2022-இல் ஆயிரக்கணக்கான அரசுப் பணிகளுக்குப் பட்ட நிபந்தனையை நீக்கியது. பல மாநிலங்களும் பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. ஹார்வர்டு வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் 2024-இல் சேர்ந்து செய்த ஆய்வு, இதனால் உண்மையில் பயன்பெற்றது 700 நியமனங்களில் ஒன்றுக்கும் குறைவு என்று கண்டது. விளம்பரத்திலிருந்து பட்டம் போயிற்று. தேர்வு செய்பவரின் மனத்திலிருந்து போகவில்லை.

ரொனால்டு டோர் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1976-இல் இந்த நிலைக்குப் ‘பட்டய நோய்’ என்று பெயர் வைத்துப் புத்தகம் எழுதினார். தொழில் வளர்ச்சியில் பிந்தித் தொடங்கும் நாடுகளில்தான் சான்றிதழ் மோகம் கடுமையாக இருக்கும் என்பது அவர் முடிவு. அவர் எடுத்துக்கொண்ட நாடுகளில் ஒன்று இலங்கை. அங்கே 1971-இல் படித்தும் வேலையில்லாத சிங்கள இளைஞர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவர்களின் வாய்ப்பைச் சுருக்கியது. அதன் பிறகு நடந்ததை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஒரு தலைமுறையின் எதிர்காலம் முழுவதையும் ஒரே வாசலில் கட்டிவைத்த எந்தச் சமூகமும் அந்த வாசல் அடைபடும்போது அமைதியாக இருந்ததில்லை.

ஆகவே முதல் தலைமுறைப் பிள்ளைகளிடம் போய், “டிகிரி எதற்கு, திறமையை வளர்த்துக்கொள்” என்று உபதேசம் செய்வதை நான் ஏற்கமாட்டேன். மூன்று தலைமுறையாகப் பட்டம் வாங்கிச் சலித்த வீடுகள் அதைத் தங்கள் பிள்ளைகளிடம் முதலில் சொல்லிப் பார்க்கட்டும். சொல்ல வேண்டிய இடம் வேறு. வேலை விளம்பரங்களில் ‘ஏதேனும் ஒரு பட்டம்’ என்று ஒரு வரி வரும். வரலாறு படித்தாலும் சரி, விலங்கியல் படித்தாலும் சரி என்றால், அந்த வேலைக்கு இரண்டு பாடமும் தேவையில்லை என்று வேலை கொடுப்பவரே ஒத்துக்கொள்கிறார். தேவைப்படுவது எழுதும் திறனா, கணக்கா, மூன்றாண்டு ஒழுங்காக ஓரிடத்துக்குப் போய் வந்த பழக்கமா? அதை வெளிப்படையாக எழுதி, அதற்கு மட்டும் தேர்வு வைக்கட்டும். கடைக் கணக்கு எழுதவும், வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசவும், கிடங்கில் இருப்பு பார்க்கவும் பிளஸ் டூ முடித்தவர் போதும் என்றால் பிளஸ் டூ என்றே போடட்டும். ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் வாசகர்கள் அடுத்த விளம்பரத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, வேலைக்கு உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிப் பாருங்கள்.